நன்றிப் பட்டியலில் எங்கள் ஊரும்

சில மாதங்களுக்கு முன்னர், மண்சரிவினால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியுள்ள ஓரிடத்துக்குப் பல்கலைக்கழக மாணவர் சிலர் வந்தனர். கண்டி நகரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத் தூரம். அவர்கள் கையில் ஒரு சிறு மண்வெட்டியும், பொலித்தீன் பைகளும், பனிக்கட்டி நிரப்பிய ஒரு பெட்டியும் இருந்தன. அவர்கள் கேட்டது கௌபிச் செடியின் வேர். காயல்ல, இலையல்ல, வேர் மட்டும்.

எமது உத்தியோகத்தர் ஒருவரும் அன்று அங்கே இருந்தார். லயத்தையும் தோட்டத்தையும் இழந்து வந்த ஒரு பெரியவர், தமக்குத் தற்காலிகமாகக் கொடுக்கப்பட்ட சிறு துண்டு நிலத்தில் கௌபி போட்டிருந்தார். பூக்கும் பருவம். பத்துச் செடிகளைப் பிடுங்க அவர் அனுமதித்தார். பத்துச் செடி என்றால் அவர் வீட்டில் இரண்டு நேரக் கறி. பிடுங்கி முடிந்ததும், "இத வச்சி என்ன தம்பி செய்யப் போறீங்க? எங்க பேரும் எங்கயாச்சும் வருமா?" என்று கேட்டார். மாணவர்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம். மாணவரின் ஆய்வு என்ன, அதற்கு யார் யார் கைகொடுக்கிறார்கள், நன்றி யாருக்குச் சொல்லப்படுகிறது, யாருக்குச் சொல்லப்படாமற் போகிறது என்பவற்றை ஓரளவு விளக்கமாகப் பார்ப்போம்.

வேரில் என்ன இருக்கிறது?

கௌபி, பயறு, உழுந்து, சோயா, கச்சான், போஞ்சி ஆகிய அவரையினப் பயிர்களின் வேரில் மிளகளவோ கடுகளவோ சிறு முடிச்சுகள் இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். புழு விழுந்த வேர் என்று சிலர் பிடுங்கி எறிவதும் உண்டு. அது நோயல்ல. அந்த முடிச்சுகளுக்குள்ளே றைசோபியம் என்னும் பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 78 வீதம் நைதரசன். ஆனால் எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. கடை யூரியாவில் 46 வீதம் நைதரசன் இருக்கிறது. அதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். இந்தப் பற்றீரியாவோ காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. செடி அதற்குக் கைம்மாறாகச் சீனிச்சத்தைக் கொடுக்கிறது. இப்பற்றீரியாவை முதன்முதலில் முடிச்சிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்தவர் ஒல்லாந்து நாட்டு அறிஞர் பெயரிங்க். அது 1888ஆம் ஆண்டில்.

முடிச்சு வேலை செய்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். பூக்கும் தறுவாயில் ஒரு செடியை மண்ணோடு கிண்டி எடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலே தங்கிவிடும். முடிச்சொன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பற்றீரியா வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. எமது இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் பொருளின் உறவினம் ஒன்றே முடிச்சுக்கும் அந்நிறத்தைக் கொடுக்கிறது.

மாணவர்கள் தேடி வந்தது இந்தச் சிவப்பு முடிச்சையே. புதிதாகச் சரிந்து கலங்கிய மண்ணில், பசளை போடாமல் வளர்ந்த கௌபியில் எந்த வகைப் பற்றீரியா தாக்குப்பிடித்திருக்கிறது என்பதை அறிவதும், அதன் பரம்பரையலகுகளை வாசிப்பதும் அவர்களின் நோக்கம் என்று பிறகு விளங்கப்படுத்தினார்கள். பெரியவரிடம் அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

செயற்கை உயிரியல்

இத்தகைய ஆய்வு இன்று செயற்கை உயிரியல் என்ற ஒரு புதிய துறையோடு இணைந்திருக்கிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உடனே மகிழ்ந்துவிடவும் வேண்டாம். ஒவ்வோர் உயிரின் கலத்துக்குள்ளும், அது எப்படி வளர வேண்டும், எதைச் செய்ய வேண்டும் என்ற அறிவுறுத்தல்கள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்டுள்ளன. கமக்காரர் நல்ல கதிரைப் பார்த்து விதைக்கு ஒதுக்கியபோது, அறியாமலே இந்த அறிவுறுத்தல்களைத் தெரிவு செய்தனர். பின்னர் ஆராய்ச்சி நிலையங்கள் இரண்டு இனங்களைக் கலந்து புதிய இனங்களை உண்டாக்கின. செயற்கை உயிரியலார் இன்னும் ஒரு படி மேலே போய், வேண்டிய அறிவுறுத்தலைத் தாமே எழுதி, ஆய்வுகூடத்தில் தயாரித்து, பற்றீரியாவுக்குள்ளோ மதுவத்துக்குள்ளோ வைக்கின்றனர்.

ஓர் உதாரணம் சொல்வோம். வங்காளதேசத்தில் இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளின் நீரில் ஆசனிக்கு என்னும் நஞ்சு உண்டு. நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. ஒரு லீற்றரில் 10 மைக்கிரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2006ஆம் ஆண்டில் ஸ்கொற்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள், ஆசனிக்கு பட்டவுடன் இலற்றோசு என்னும் பாற்சீனியைப் புளிக்கச் செய்து அமிலத்தை உண்டாக்கும் வண்ணம் ஒரு பற்றீரியாவை மாற்றினர். அமிலம் உண்டானால் கலந்துள்ள சாயத்தின் நிறம் மாறும். கிணற்று நீரை விலையுயர்ந்த கருவிகள் இன்றிச் சோதிக்கலாம் என்பது அவர்களின் எண்ணம். நல்ல எண்ணந்தான். ஆனால் மாற்றப்பட்ட உயிரை ஆய்வுகூடத்துக்கு வெளியே கொண்டுபோவதற்குப் பாதுகாப்பும் சட்ட அனுமதியும் வேண்டும். எண்ணத்துக்கும் கிணற்றடிக்கும் இடையில் உள்ள தூரம் அதிகம்.

இதே துறைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. மலேரியாவுக்கான ஆட்டெமிசினின் மருந்தை ஒரு செடியிலிருந்து எடுத்து வந்தார்கள். சீனாவிலும் வியட்னாமிலும் கிழக்காபிரிக்காவிலும் சிறு கமக்காரர் அச்செடியைப் பயிரிட்டனர். மதுவத்தை மாற்றி அம்மருந்தின் மூலப்பொருளை உண்டாக்கலாம் என அமெரிக்க ஆய்வாளர் 2006ஆம் ஆண்டில் காட்டியபோது நோயாளருக்கு நம்பிக்கை பிறந்தது, பயிரிட்டவருக்கோ கவலை. வனிலாச் சுவையையும் இப்போது மதுவத்தைக் கொண்டு உண்டாக்குகிறார்கள். கண்டியைச் சுற்றியுள்ள வீட்டுத்தோட்டங்களில் மிளகு, கராம்பு, சாதிக்காயோடு வனிலாக் கொடியையும் வளர்ப்போர் இதைத் தெரிந்திருப்பது நல்லது. உலகில் விற்கப்படும் வனிலாச் சுவையின் பெரும்பகுதி ஏற்கனவே செயற்கையானது என்பதையும், உண்மையான வனிலாக் காய்க்கு இன்னும் தனி மதிப்பு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

போட்டியும் நன்றிப் பக்கமும்

எடின்பரோ மாணவர்கள் தமது வேலையை ஐஜெம் என்ற போட்டிக்காகச் செய்தார்கள். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 2003இல் ஒரு வகுப்பாகத் தொடங்கி, 2004இல் ஐந்து அணிகளோடு போட்டியாக மாறியது அது. இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட அணிகள் உலகெங்குமிருந்து சேர்கின்றன. முன்பு பொஸ்ரனில் கூடினார்கள்; 2022 முதல் பரிஸ் நகரில் கூடுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்னை ஐ.ஐ.டி. மாணவர்கள் பல தடவைகள் பங்குபற்றியுள்ளனர். தஞ்சாவூர் சாஸ்திரா பல்கலைக்கழக அணியும் போயிருக்கிறது. பதிவுக் கட்டணம் மட்டும் பல ஆயிரம் டொலர். விமானச் செலவு வேறு. ஏழை நாட்டு மாணவர் எவரும் தனித்து நின்று இதைச் செய்ய முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

இந்தப் போட்டியில் எமக்குப் பிடித்த ஒரு விதி இருக்கிறது. ஒவ்வோர் அணியும், எந்த வேலையை யார் செய்தார், யார் வழிகாட்டினார், யார் பொருள் கொடுத்தார் என்று எழுத்தில் வெளிப்படுத்த வேண்டும். அதைச் செய்யாத அணிக்குப் பதக்கம் இல்லை. உண்மையைச் சொன்னால், இவ்விதி நன்றியுணர்வினால் மட்டும் பிறந்ததல்ல. மாணவர் செய்தது எது, பேராசிரியர் செய்து கொடுத்தது எது என்று நடுவர்கள் பிரித்தறிய வேண்டும் அல்லவா? காரணம் எதுவானாலும் பலன் நல்லது. ஆய்வுகூடத்தில் இடம் தந்த பேராசிரியர், இரவில் கதவு திறந்து விட்ட உதவியாளர், கணக்குப் பார்த்துத் தந்த பிற துறை மாணவர், இரசாயனப் பொருளை இலவசமாகத் தந்த கம்பனி எல்லோரும் பெயரோடு வருகிறார்கள். அத்துடன், தமது வேலையினால் பாதிக்கப்படக்கூடிய மக்களிடம் போய்ப் பேசி, அவர்கள் சொன்னதற்கேற்ப ஆய்வை எப்படி மாற்றினார்கள் என்றும் மாணவர்கள் காட்ட வேண்டும்.

பத்துக் குஷ்டரோகிகள் சுகமடைந்தும் ஒருவன் மாத்திரமே திரும்பி வந்து நன்றி சொன்னான் என்று நற்செய்தியில் வாசிக்கிறோம். அவனும் அந்நியன். அறிவியல் உலகில் திரும்பி வருவோரின் விகிதம் அதைவிடச் சற்று நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் மேல்நோக்கியே திரும்பி வருகிறார்கள். பேராசிரியருக்கு நன்றி, பணம் தந்தவருக்கு நன்றி. வேரைத் தந்தவர் 'வயல் மாதிரி இல. 4' என்று ஆகிவிடுகிறார்.

கண்டியைச் சுற்றிய ஆசான்கள்

மேலே உள்ளவர்களுக்கு நன்றி சொல்லக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. எமது பகுதியிலேயே நன்றிக்குரிய ஆசான்கள் இருந்திருக்கிறார்கள். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உருவான அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இன்று கண்டி ஹந்தானை வீதியில் இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இந்நிறுவகத்திலும் பணியாற்றிய பேராசிரியர் எஸ். ஏ. குலசூரிய, காற்றிலுள்ள நைதரசனைப் பிடிக்கும் நுண்ணுயிர்கள் பற்றியே நீண்டகாலம் ஆராய்ந்தவர். நெல் வயலில் மிதக்கும் நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றிப் பிரெஞ்சு அறிஞர் ரோஜருடன் அவர் எழுதிய நூலைப் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகம் 1980இல் வெளியிட்டது. பின்னாளில் சோயாவுக்கேற்ற றைசோபியத்தைத் தெரிவு செய்து, விதையோடு கலக்கக்கூடிய பசளையாக்கி, ஒரு தனியார் உணவு நிறுவனத்தின் மூலம் கமக்காரர் கைக்குக் கொண்டு சேர்த்த முயற்சியிலும் முன்னின்றார். இது பரம்பரையலகு மாற்றிய பற்றீரியா அல்ல. இயற்கையில் உள்ளவற்றுள் நல்லதைத் தேர்ந்தெடுத்தது.

சோயாவுக்கு மட்டும் ஏன் இந்த ஏற்பாடு என்று கேட்கலாம். கௌபிக்கும் பயற்றுக்கும் பொருந்தும் பற்றீரியா எமது மண்ணில் இயல்பாகவே பரவலாக உண்டு. சோயா வெளியிலிருந்து வந்த பயிர். அதற்கேற்ற வகை எல்லா மண்ணிலும் இல்லை. ஆகவே விதையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பொதி கிடைத்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: அது உயிருள்ள பொருள். வெயிலில் வைத்தால் செத்துவிடும். நிழலில் வைத்து, ஆறிய கஞ்சியோ சீனித் தண்ணீரோ சிறிது தெளித்து, விதையில் ஒட்டுமாறு கலந்து, அன்றைக்கே விதைத்து மண்ணால் மூடிவிட வேண்டும். பூஞ்சண மருந்து பூசிய விதையோடு கலக்கக்கூடாது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கிய பின்னரும் யூரியா விலை எட்டாத உயரத்தில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்நாட்களில் ஒரு சிறு பொதிப் பற்றீரியாவின் பெறுமதி என்னவென்று பலருக்கும் விளங்கியது. நெல்லுக்கும் இவ்வாறு முடிச்சு வரச்செய்ய முடியுமா என்று உலகின் பல ஆய்வுகூடங்கள் முயல்கின்றன. அது இன்னும் கைகூடவில்லை.

கன்னொறுவையில் இன்னொரு நிறுவனம் உண்டு. விவசாயத் திணைக்களத்தின் தாவரப் பிறப்புரிமை வள நிலையம், யப்பான் அரசின் உதவியோடு 1988இல் அமைக்கப்பட்டது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் சேர்த்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் ஈரம் வற்றச் செய்யப்பட்டுக் குளிரறைகளில் வைக்கப்பட்டுள்ளன. இத்தகைய விதை வங்கிகளில் ஒவ்வொரு மாதிரியோடும் அதன் உள்ளூர்ப் பெயரும், எடுத்த ஊரும், திகதியும் பதியப்படுவது வழக்கம். இடம்பெயர்ந்த எமக்கு இது சிறிய விடயமல்ல. போரினாலோ வெள்ளத்தினாலோ மண்சரிவினாலோ ஊரைவிட்டு ஓடியவர் முதலில் பிள்ளையைத் தூக்கினார். விதைக் குரக்கனையும் பயற்றையும் தூக்க நேரமில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோதும் மலைநாட்டில் அதுவே நடந்தது. ஊர் மண்ணுக்குள் போனாலும் அவ்வூரின் விதை ஒரு பிடி கன்னொறுவையில் இருக்கலாம்.

ரத்து ஹீனட்டியின் கதை

நன்றி சொல்லப்படாமற் போவதற்கு எமக்குத் தெரிந்த தெளிவான உதாரணம் ஒரு நெல்லினம். ரத்து ஹீனட்டி என்பது இலங்கையின் பழைய இனம். 'ரத்து' என்றால் சிங்களத்தில் சிவப்பு. கபில நிறத் தத்தி விழுந்தால் வயல் தீப்பிடித்ததுபோல் கருகுவது உங்களுக்குத் தெரியும். இந்த நெல்லை அத்தத்தி எளிதில் வெல்ல முடியாது. ஆசியாவின் நெல் ஆராய்ச்சியாளர்கள் இவ்வெதிர்ப்புச் சக்தியைத் தமது இனங்களில் சேர்ப்பதற்கு நெடுங்காலமாக இதைப் பயன்படுத்தி வந்தனர். 2015ஆம் ஆண்டில் சீன ஆய்வாளர்கள், அச்சக்தியைக் கொடுக்கும் பரம்பரையலகுகள் எவை என்று ரத்து ஹீனட்டியிலிருந்தே கண்டுபிடித்து வெளியிட்டனர். பெரிய சாதனை. எமது நாட்டு நெல்லின் பெயர் அறிவியல் உலகெங்கும் சென்றது.

ஆனால் அந்த நெல்லைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் யார்? கருகாத கதிரைக் கண்டு, அதை விதைக்கென்று ஒதுக்கிவைத்த கை எந்த ஊர்க் கை? அவர்களின் பெயர் எங்கும் இல்லை. தனி ஒருவரின் பெயரைச் சொல்லவும் இயலாது. அது பலருடைய வேலை. இதை உணர்ந்துதான் 2001ஆம் ஆண்டில் உணவுக்கும் விவசாயத்துக்குமான தாவர வளங்கள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் கமக்காரரின் உரிமைக்கென்று ஒன்பதாம் உறுப்புரை சேர்க்கப்பட்டது. பயிர் வளங்களைக் காத்ததில் கமக்காரருக்குள்ள பங்கை அது ஏற்றுக்கொள்கிறது. அவர்களின் அறிவைப் பாதுகாத்தல், பயனில் நியாயமான பங்கு, தீர்மானங்களில் பங்குபற்றுதல் ஆகியவற்றைப் பேசுகிறது. நடைமுறைப்படுத்தும் பொறுப்பை அந்தந்த அரசிடம் விட்டிருக்கிறது. காகிதத்தில் இருப்பது வயலுக்கு வர எவ்வளவு காலம் எடுக்கும் என்பதைப் பட்டறிந்தவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

வேரோ விதையோ கேட்டு வந்தால்

மாணவர்களைத் துரத்த வேண்டாம். உங்கள் பிள்ளைகளும் நாளை அப்படி வருவார்கள். ஆனால் கொடுக்கும் முன்னர் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்துக் கேளுங்கள். எந்தக் கல்விக்கூடம், வழிகாட்டும் ஆசிரியர் யார், எதற்காக எடுக்கிறார்கள், வேறு இடத்துக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்புவார்களா, முடிவை எப்போது வந்து சொல்வார்கள். பதிலை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி, வந்தவரிடம் கையொப்பம் வாங்குங்கள். எழுத முடியாதவர்கள் பாடசாலை செல்லும் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். உங்கள் பெயரை வெளியிட விருப்பமா இல்லையா என்பதையும் சொல்லிவிடுங்கள். இடம்பெயர்ந்தவர்களில் சிலருக்குப் பெயர் வெளியே வருவது விருப்பமில்லை. சிலருக்கு அது ஆபத்தாகவும் இருக்கலாம். அப்போது ஊரின் பெயரை மட்டும் போடச் சொல்லலாம். நீங்கள் இப்போது இருக்கும் இடத்தோடு, விதை முதலில் வந்த ஊரையும் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கௌபி விதை முகாமில் பிறந்ததல்ல.

இழந்த விதையைத் தேடுபவர்கள், அதன் பெயர், பழைய ஊர், தானியத்தின் நிறம், விளையும் காலம் ஆகியவற்றை எழுதி, விவசாயப் போதனாசிரியர் மூலமாகவோ கமநல சேவை நிலையத்தின் மூலமாகவோ கன்னொறுவைக்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம். விதை வங்கி மூட்டைக் கணக்கில் கொடுப்பதில்லை. கிடைத்தால் ஒரு கைப்பிடியே கிடைக்கும். அதைப் பெருக்குவது எமது வேலை. விண்ணப்பம் எழுத உதவி வேண்டுவோர் எமது நிலையத்துக்கு வரலாம்.

பெரியவரின் கேள்விக்கு வருவோம். மாணவர்கள் திரும்பி வந்தார்கள். நான்கு மாதம் கழித்து, இருவர் மட்டும், ஒரு சனிக்கிழமை. அவருடைய பத்துச் செடிகளில் ஆறில் நல்ல சிவப்பு முடிச்சுகள் இருந்தனவாம். அதே மண்ணில் அடுத்த போகத்துக்கும் கௌபியோ பயறோ போடலாம், அதற்கென யூரியா வாங்கத் தேவையில்லை என்றார்கள். அறிக்கையின் பிரதியொன்றையும் கொண்டுவந்தார்கள். அதில் நன்றிப் பக்கம் ஒன்று இருந்தது: விரிவுரையாளர்கள் இருவர், ஆய்வுகூட உதவியாளர், வாகனம் தந்த ஒருவர், கடைசி வரியில் பெரியவரும் அவர் ஊரும். பெரியவர் தம் பேத்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்துவிட்டு நிறுத்தினாள். ஊரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்திருந்தது. சரிந்து போன அந்தத் தோட்டத்தின் பெயரை இனி வேறு எங்கும் எழுதப் போவதில்லை, இங்கேயாவது சரியாக இருக்கட்டும் என்றார் அவர். திருத்தத்தை எழுதி அனுப்பியுள்ளோம்.